கொடைக்கானல் மேல்மலையில் ஆரவாரம் இல்லாத டென்ட் இடம்: ஜனவரியில் இரண்டு இரவு

வைகைக்கரை (மதுரை) கேட்டது:

வணக்கம். ஜனவரியில மதுரையிலிருந்து கார்ல கொடைக்கானல் வந்து ரெண்டு ராத்திரி டென்ட்ல தங்கலாம்னு இருக்கோம். நாங்க ரெண்டு பேர்தான். டென்ட் சொந்தமா இருக்கு, மூணு பேர் படுக்கிற டோம், வெளித்துணி 2000 மி.மீ. தண்ணி தாங்குற ரேட்டிங்.

தேடினா வட்டக்கானல், வில்பட்டி, பள்ளங்கி பக்கம் வர்றது எல்லாமே கேம்ப்ஃபயர், ஸ்பீக்கர், பார்பிக்யூ பேக்கேஜ். அது எங்களுக்கு வேண்டாம். ராத்திரி பூச்சிச் சத்தமும் காத்தும் மட்டும் கேக்கணும். பேரிஜம் பக்கம் காட்டுக்குள்ள அனுமதி வாங்கி டென்ட் போட முடியுமா? முடியாதுன்னா எந்த ஊர்ப் பக்கம் தேடுறது, இடத்துக்காரர்கிட்ட என்ன கேக்குறது? குளிருக்கு என்ன தயாரிப்பு வேணும்? அனுபவம் உள்ளவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

---

மேல்மலைப்பாதை (கொடைக்கானல்):

பேரிஜத்தில் முடியாது. ஏரிக்கு வனத்துறை பகலில் மட்டும், இத்தனை வண்டி என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறது. மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சுற்றிலும் உள்ள காடு 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டென்ட் போட்டுத் தங்குவது அதற்கும் மேல். "நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், உள்ளே கூட்டிப்போவார்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் புல்வெளித் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால் 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள் இருக்கின்றன. மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, வழிகாட்டியோடு போகலாம். பகலில் அங்கே நடங்கள், இரவுக்குப் பட்டா நிலத்துக்கு வந்துவிடுங்கள்.

பட்டா நிலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அனுமதி வாங்காமல் டென்ட் போட்டு ஆட்களைத் தங்கவைக்கும் இடங்களை அதிகாரிகள் வந்து அகற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது நள்ளிரவில் நடந்தால் குளிரில் நிற்கப்போவது நீங்கள். ஆகவே போனில் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல: நிலம் பட்டாவா, யார் பெயரில், காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், சுற்றுலாத் துறையில் கேம்ப்பிங் நடத்துபவராகப் பதிவு செய்திருக்கிறாரா? பதிவு எண் கேட்டால் முறையாக நடத்துபவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். சொந்த டென்ட் கொண்டுவருவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சிலர் தங்கள் டென்டில் மட்டும்தான் தங்கவிடுவார்கள்.

எங்கே தேடுவது என்றால், டவுனைத் தாண்டி மேற்கே மேல்மலைக்குப் போங்கள். வானியல் ஆய்வுக்கூடம் தாண்டிப் போகும் சாலையில் சுமார் 18 கி.மீ.-இல் பூம்பாறை. அங்கிருந்து ஒரு பக்கம் கூக்கால், இன்னொரு பக்கம் மன்னவனூர் (டவுனிலிருந்து சுமார் 35 கி.மீ.), அதற்கும் அப்பால் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர். மன்னவனூர் ஏரி வரைதான் சுற்றுலா வண்டிகள் அதிகம். அதைத் தாண்டினால் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விளைகிற படிக்கட்டு நிலங்களும் ஊர்களும்தான். நீங்கள் கேட்கிற அமைதி மன்னவனூருக்கு அப்பாலும் கூக்கால் பக்கமும் கிடைக்கும். கீழ்மலையில் தாண்டிக்குடி, பாச்சலூர், பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் அழகுதான், குளிரும் குறைவு. ஆனால் அது யானை நடமாடும் பகுதி. பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கமும் அப்படியே. அங்கே டென்ட் வேண்டாம், கட்டடத்துக்குள் தங்குங்கள்.

அமைதி என்பது தூரத்தை மட்டும் பொறுத்ததில்லை. தெளிந்த இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று நிற்கும். அந்த அமைப்பில் சத்தம் மேலே போய்க் கரையாமல் வளைந்து மறுபடி தரைக்கே வரும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வைக்கிற ஸ்பீக்கர் உங்கள் டென்டுக்குள் கேட்பது இதனால்தான். ஆகவே இடத்துக்காரரிடம் லொகேஷன் வாங்கி சாட்டிலைட் படத்தில் பாருங்கள். பக்கத்து கேம்ப்புக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேடோ திருப்பமோ இருக்க வேண்டும். ஒரே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இரண்டு கேம்ப் இருந்தால், நீங்கள் எத்தனை மென்மையாகப் பேசினாலும் அவர்கள் சத்தம் உங்களுக்கு வரும்.

இன்னும் கேட்க வேண்டியவை: அன்று மொத்தம் எத்தனை டென்ட்? (நான்குக்கு மேல் என்றால் யோசியுங்கள்.) ஜெனரேட்டர் எந்தப் பக்கம்? தோட்டத்தில் நாய் எத்தனை? காட்டுமாடு வந்தால் நாய்கள் விடிய விடிய நிறுத்தாது. பன்றி விரட்ட இரவில் வெடி போடுகிறார்களா? கடைசியாக, பலர் மறந்துவிடுகிற ஒன்று: மார்கழி முடியும் வரை ஊர்க் கோயிலில் விடியற்காலை நாலரை, ஐந்துக்கே ஒலிபெருக்கி பாடும். ஊரில் அது அவர்கள் வழிபாடு, குறை சொல்ல நமக்கு இடமில்லை. வேண்டாம் என்றால் தை பிறந்த பிறகு வாருங்கள், பொங்கல் விடுமுறையும் குடியரசு தின விடுமுறையும் தொடாத செவ்வாய், புதன் பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையில் இருப்பார்கள். அப்போது இருட்டில் வண்டி ஓட்டாமல் பகலிலேயே மலையேறிவிடுங்கள்.

வெளியூர் வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், இணையத்தில் பதிவு செய்தால் வந்துவிடும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பெட்ரோல், கைப்பணம் இரண்டையும் டவுனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

---

இழுகயிறு (திண்டுக்கல்):

இடம் பத்தி மேல சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. டென்ட், குளிர் ரெண்டையும் நான் சொல்றேன்.

டவுன்ல ஜனவரி ராத்திரி சராசரியா 8 டிகிரியை ஒட்டி இருக்கும். மேல்மலையில வானம் தெளிஞ்ச ராத்திரியில பள்ளமான புல்வெளியில அது இன்னும் இறங்கி உறைபனி விழும். குளிர்காத்து கனமானது, தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு கீழ போய்த் தேங்கும். ஓடைக்கரை, ஏரிக்கரை, கிண்ணம் மாதிரி இருக்கிற புல்வெளி எல்லாம் போட்டோவுக்கு நல்லா இருக்கும், படுக்க ஆகாது. அதே இடத்துல பதினஞ்சு இருபது மீட்டர் மேல ஏறிச் சரிவுல போட்டாலே வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். கிழக்கு பார்த்த சரிவா இருந்தா ஆறே முக்கால், ஏழுக்கு வெயில் டென்ட் மேல விழும், ஈரம் காயும். காட்டு ஓரமா மரத்தடியில போட்டா பனி இன்னும் குறையும்.

படிக்கட்டு நிலத்துல போடுறதா இருந்தா மேல் கல்கட்டுலேருந்து ரெண்டு மீட்டராவது தள்ளிப் போடுங்க. மழை ஊறின கல்கட்டு சரியும். உழுத மண்ணுல டென்ட்டோட வர்ற கம்பி முளை நிக்காது, காத்து அடிச்சா பிடுங்கிக்கும். 25 செ.மீ.க்குக் குறையாத அலுமினிய முளை பன்னெண்டு வாங்கிக்கோங்க. முளையோட தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கணும், கயிறும் முளையும் ஏறக்குறைய செங்குத்தாச் சந்திக்கணும். அப்பவும் மண் பிடிக்கலைன்னா ஒரு கல்லைக் கயித்துல கட்டி ஒரு சாண் ஆழத்துல புதைச்சு மேல மிதிச்சுவிடுங்க. இழுகயிறு எல்லாத்தையும் கட்டுங்க. "காத்து இல்லையே"ன்னு விட்டுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுக் கட்டுறதுதான் எல்லாருக்கும் நடக்கிற தப்பு.

2000 மி.மீ. வெளித்துணி ஜனவரிக்குப் போதும், தையல் மேல டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. அடியில விரிக்கிற தார்ப்பாய் டென்டை விட ஒரு சாண் உள்ளடங்கியே இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டிருந்தா மழைத்தண்ணி அது மேல விழுந்து நேரா டென்டுக்கு அடியில போகும். அடி ஒழுகுதுன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். மீதி, ஈரம் உள்ளிருந்தே வர்றது. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விடுற மூச்சுல நிறையத் தண்ணி இருக்கு. குளிருதுன்னு எல்லா ஜன்னலையும் மூடினா அது வெளித்துணி உள்பக்கம் படிஞ்சு சொட்டும், ஸ்லீப்பிங் பேக் நனையும், நனைஞ்ச பேக் சூடு தராது. மேல் ஜன்னல், கீழ் ஜன்னல் ரெண்டையும் நாலு விரல் அளவாவது திறந்து வைங்க.

போர்வையை விட விரிப்பு முக்கியம். உடம்புச் சூட்டை தரைதான் இழுக்கும். பேக்கோட அடிப்பக்கப் பஞ்சு உடம்பு எடையில நசுங்கிடும், அதுல பலன் இல்ல. காத்து மட்டும் ஊதின மெத்தை போதாது, உள்ள இருக்கிற காத்து சுழன்று சூட்டைக் கீழ கொண்டுபோகும். 10 மி.மீ. ஃபோம் மேட் மேல இன்னொன்னு, இல்ல ஃபோம் மேல காத்து மெத்தை. காசு இடிச்சா பிரிச்ச அட்டைப்பெட்டி அடியில, மேல ஃபோம், மேல ஜமுக்காளம். ஸ்லீப்பிங் பேக்ல பெரிய எழுத்துல போட்டிருக்கிற எண்ணைப் பார்க்காதீங்க, அது பல நேரம் உயிர் தப்புற அளவு. 'கம்ஃபர்ட்'னு சின்னதா போட்டிருக்கிற எண் 5 டிகிரி அல்லது அதுக்குக் கீழ இருக்கணும். படுக்கிறதுக்கு முன்னாடி எவர்சில்வர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடி இறுக்கி, சாக்ஸ்ல போட்டுக் கால்மாட்டுல வைங்க. நடந்த சட்டையோட படுக்காதீங்க, அதுல வேர்வை ஈரம் இருக்கும்.

---

கூக்கால்காடு:

இழுகயிறு அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். காட்டு ஓரமாக மரத்தடியில் வேண்டாம். மேல்மலையில் ஊரை ஒட்டி நிற்பது பெரும்பாலும் மலையின் இயற்கையான சோலைக்காட்டு மரம் இல்லை; நட்டு வளர்த்த சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன். சீகைக்கு வேர் மேலாகவே ஓடும். மண் ஊறிய பிறகு காற்று அடித்தால் வேரோடு சாயும். யூகலிப்டஸ் காற்றே இல்லாத நேரத்திலும் கிளையைப் போடும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். அப்படித் தள்ளிப் போனால் பனி மறைப்பு கிடைக்காது, ஆகவே சரிவில் திறந்த இடமே சரி.

இன்னொரு காரணம் காட்டுமாடு. அது புல்லுக்கும் சோலைக்கும் நடுவில் உள்ள ஓரத்தில்தான் மாலையும் அதிகாலையும் மேய்கிறது. டென்ட் போடும் முன் இருபது மீட்டர் சுற்றி நடந்து பாருங்கள். குளம்புத் தடம், ஈரமான சாணி, ஒரே வரிசையில் மிதிபட்ட புல் இருந்தால் அது அதன் வழி, அங்கே கயிறு கட்டாதீர்கள். எதிரே வந்தால் டார்ச்சை முகத்தில் அடிக்காமல், சத்தம் போடாமல், பின்னாலேயே மெல்ல நகருங்கள். நல்ல இடைவெளி இருந்தால் அது தன் பாட்டுக்குப் போய்விடும். ஓடைக்குப் போகும் அதன் பாதையை மறித்தால்தான் வம்பு. சாப்பாடு, குப்பை எதையும் டென்டுக்குள் வைக்காதீர்கள். பன்றி மோப்பம் பிடித்து வரும், பகலில் குரங்கு துணியைக் கிழிக்கும். காரில் பூட்டிவிடுங்கள்.

தோட்டத்தைச் சுற்றி மின்வேலி இருக்கும். எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று இடத்துக்காரரிடம் கேட்டு, வெளிச்சத்திலேயே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் ஒதுங்கப் போகிற வழியை அப்போதே முடிவு செய்யுங்கள்.

தண்ணீர்: ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதை நம்ப வேண்டாம். மேலே பூண்டு, உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தால் மருந்தும் உரமும் வழிந்து அதில்தான் வருகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. வடிகட்டியும் எல்லாவற்றையும் எடுக்காது. விளைநிலத்துக்கு மேலே பிறக்கிற ஊற்று, அல்லது ஊர்க் குடிநீர்க் குழாய், இரண்டில் ஒன்றை எடுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஆகவே கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க 4 லிட்டர் கணக்கு.

புல்லில் வெறுங்காலோடு உட்கார வேண்டாம். ஆடு மாடு மேய்கிற இடத்தில் உண்ணி இருக்கும். புதர்க் காய்ச்சல் பரப்புகிற சிறு பூச்சியும் புல்லிலும் புதரிலும்தான் இருக்கிறது. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருந்தால், மருத்துவரிடம் மலையில் தங்கியதைச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

---

வைகைக்கரை:

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. இன்னும் ரெண்டு. பியூட்டேன் டப்பா அடுப்பு ஒண்ணு இருக்கு, அது அங்க வேலை செய்யுமா? மேல்மலையில இடம் அமையலைன்னா நீலகிரிப் பக்கம் போகலாமா?

---

இழுகயிறு:

மரத்தடி விஷயத்துல கூக்கால்காடு சொன்னதுதான் சரி, நான் சோலை மரத்தை மனசுல வெச்சு எழுதிட்டேன். திறந்த சரிவே போடுங்க.

அடுப்பு: சாதா பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கிட்ட ஆவியாகிறதே நின்னுடும். 5 டிகிரியிலயே தீ சோம்பலா எரியும். எரிய எரிய டப்பா தானே குளிர்ந்துக்கிட்டே வரும், அதனால பாதி டப்பா இருக்கும்போதே தீர்ந்த மாதிரி தெரியும். ராத்திரி டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வெச்சுக்கிட்டுப் படுங்க, காலையில டீக்கு எரியும். புரோப்பேன் கலந்த டப்பா கிடைச்சா இன்னும் நல்லது. டப்பாவைத் தீயில காட்டிச் சூடு பண்ணாதீங்க, அடுப்பைச் சுத்தி முழுசா மறைப்பும் வைக்காதீங்க. சூடு டப்பாவுக்குத் திரும்பினா வெடிக்கும். காத்து வர்ற பக்கம் மட்டும் ஒரு தகரம். ரெண்டு பேர், ரெண்டு ராத்திரிக்கு 230 கிராம் டப்பா ரெண்டு, கையிருப்புக்கு ஒண்ணு.

சாதம் திறந்த பாத்திரத்துல வேக ரொம்ப நேரமாகும், கேஸ்தான் தீரும். 2 லிட்டர் குக்கர் எடுத்துட்டு வாங்க, வீட்டுல வெக்கிறதை விட ரெண்டு விசில் கூட. இல்ல, ரவையும் சேமியாவுமா முடிச்சிடுங்க.

அடுப்போ கரிச்சட்டியோ எக்காரணம் கொண்டும் டென்டுக்குள்ள வேண்டாம், அணைஞ்ச மாதிரி தெரியுற கரியும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடும். வெளிய விறகுத் தீயும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஜனவரி கடைசியில புல் காய ஆரம்பிச்சிடும், ஒரு பொறி சரிவுல மேல ஏறினா மனுஷன் ஓடுற வேகத்தை விட வேகமா போகும்.

---

கோத்தர்மலை (கோத்தகிரி):

நீலகிரியில் டென்டுக்கு இடம் தேடுவது இன்னும் கடினம். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கம் விளம்பரம் வந்தால் தொடவே வேண்டாம். சீகூர் பீடபூமி யானை வழித்தடம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே துணிச் சுவருக்குப் பின்னால் படுப்பது யானைக்கும் நல்லதில்லை, ஆளுக்கும் நல்லதில்லை. அவலாஞ்சி, மேல்பவானி வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை, பகலில் வனத்துறை வண்டியில் பார்த்துத் திரும்பலாம். கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும், சிறுத்தையும் உண்டு. இங்கே வருவதென்றால் தோட்டத்துக்குள் ஒரு தனி வீடு எடுங்கள். அமைதி அதே அளவு கிடைக்கும். ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும், கொடைக்கானலுக்கு எடுத்தது இங்கே செல்லாது.

காலம் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். அவலாஞ்சி, குந்தா, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோத்தகிரிக்கும் பழனி மலைக்கும் அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. கல்கட்டும் மண்சரிவும் அப்போது. ஆகவே ஜனவரி பின்பாதி சரியான தேர்வு.

---

மேல்மலைப்பாதை:

ஒன்று விட்டுப்போயிற்று. முன்பணம் பாதிக்கு மேல் அனுப்பாதீர்கள். ஒரே போட்டோவை நான்கு பேர் போடுகிறார்கள். அன்று மாலை எடுத்த வீடியோ ஒன்று கேளுங்கள், கேமராவை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்து கேம்ப், சாலை, கழிப்பறை, கார் நிற்கும் இடம் நான்கும் அதில் தெரிய வேண்டும். கழிப்பறை இல்லாத இடம் என்றால் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு சாண் ஆழக் குழி, காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்த ஓடைகளில்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன.

மாலை நான்குக்குள் இடத்துக்கு வந்துவிடுங்கள். ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும், மேற்கே மலை உயர்ந்த இடமென்றால் ஐந்தரைக்கே நிழல் விழும். மூடுபனி இறங்கினால் முளை அடிக்கிற இடம்கூடத் தெரியாது.

---

வைகைக்கரை:

தை பொறந்து ரெண்டாவது வாரம், செவ்வாய் புதன்னு முடிவு பண்ணிட்டோம். கூக்கால் பக்கம் ஒருத்தர்கிட்ட பேசினேன், மூணு டென்ட்தான், எங்களுக்கும் அடுத்த கேம்ப்புக்கும் நடுவுல மேடு இருக்குன்னு சொன்னார். சாட்டிலைட் படத்துலயும் தெரியுது. பதிவு எண் கேட்டிருக்கேன். வந்தவுடனே முன்பணம் போடுறேன், வரலைன்னா வேற இடம் பார்க்கிறேன்.